குடியிருக்கும் வீட்டைக் காட்ட வந்த தரகர்

வீட்டைக் காட்டினால்தான் தரகருக்குக் கமிஷன் என்பது சட்டம். அதனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில், நான் குடியிருக்கும் வீட்டை எனக்கே காட்டத் தரகர் இயந்திரம் வந்துவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என் கணவர் தணிகாசலம் மட்டும் அதனோடு கதையடித்தபடி கூடவே சுற்றுவார்.

அவர் இறந்த பிறகு இதுதான் முதல் முறை. ஹால் ஜன்னலருகே நின்று அது சொன்னது: "மூணு மணிக்கு மேல இங்க காத்து அள்ளும். பூங்கோதை கீரை ஆய இங்கதான் உக்காருவா. நானும் ஒத்தாசை பண்ற மாதிரி பக்கத்துல உக்காந்துக்குவேன்."

போன முறை என்னைப் பற்றி அவர் சொன்னதை அது அப்படியே ஒப்பித்தது.

கமிஷனை உடனே கட்டினேன்.

"ரொம்ப நன்றிப்பா," என்றேன். "சமையல்கட்டையும் காட்டு. ஒண்ணும் அவசரமில்ல."