கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

உஸ்பெகிஸ்தானின் ஆந்திஜான் நகர வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி, வெட்டிப் போட்ட பட்டுத் துணிகளின் மேல் விழுகிறது. பக்கத்து வீட்டு மவ்லூதா அக்காவின் தையல் மெஷின் ஓடுகிறது. அதைவிட வேகமாக அவள் வாய் ஓடுகிறது. இரவல் வாங்க வந்த நான் அலமாரியிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் காட்டுகிறேன். "காதல் கதை. அழுகையெல்லாம் அவளுக்குத்தான், அவன் நல்லாச் சாப்பிடுறான்." சரித்திர நாவலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறாள். "குதிரைக்கெல்லாம் பேரு இருக்கு, சமைக்கிறவளுக்குப் பேரு இல்ல." நட்சத்திரங்களைப் பற்றிய தடிப் புத்தகத்துக்கு மட்டும் குரல் இளகுகிறது. "ஒண்ணும் புரியலடி. ஆனா படிச்சா நம்ம கவலை சின்னதாயிடுது." எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். முடிவு தெரியாமல் உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. சுவரில் ஆணியில் ஒரு ரொட்டி தொங்குகிறது, ஓரத்தில் ஒரு கடி. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன அன்று அவள் புருஷன் கடித்தது. மீதியைத் திரும்பி வந்து அவர்தான் தின்ன வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். இந்தக் கோடையில் அவரிடமிருந்து போன் வருவது குறைந்துவிட்டது. ரொட்டிக்குக் கீழே ஒரு துப்பறியும் நாவல், நடுவில் பஸ் டிக்கெட் செருகியபடி இருக்கிறது. கை நீட்டுகிறேன். மெஷின் நிற்கிறது.

"அத வை. அவரு படிச்சிட்டிருந்தது."

"கொலைகாரன் யாருன்னாவது சொல்லுக்கா."

"தெரியாது," என்கிறாள், ஊசியில் நூலைக் கோத்தபடி. "அவரு நிறுத்தின பக்கம் வரைக்கும்தான் படிச்சிருக்கேன்."