பேசாமல் வைப்பவர்கள் கவனத்துக்கு

"பீப் சத்தம் கேட்டதும் பேசுங்கன்னு சொன்னா, பீப் சத்தம் கேட்டதும் வச்சிடுறாங்க. இவங்களுக்கு இன்னும் எப்படித்தான் சொல்றது?"

யோகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கணக்கு எழுதும் கிராணி அவர்தான். காலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பப் பத்து மணி ஆகிவிடும். அதுவரை ஆபிசுக்கு வரும் போனையெல்லாம் வாய்ஸ்மெயில் வாங்கி வைக்கும். வந்ததும் அதைக் கேட்பதுதான் முதல் வேலை. முதல் தலைவலியும் அதுதான்.

"நான்தான் பேசுறேன் கிராணி. தண்ணி வரல."

எந்த நான்தான்?

"நேத்து சொன்னேனே, அதே விசயந்தான்லா."

ஒருவர் போனை வைக்க மறந்து, மூன்று நிமிடம் மனைவியோடு கருவாட்டுக்குச் சண்டை போட்டிருந்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த யோகேந்திரன், போன மாதம் கதவைச் சாத்திக்கொண்டு புது அறிவிப்பைத் தன் குரலிலேயே பதிவு செய்தார். "வணக்கம். முதல்ல பேரு. அடுத்து போன் நம்பர். அப்புறம் லயம் நம்பர். கடைசியா விசயம். சுருக்கமா, நிதானமா பேசுங்க."

லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் கொஞ்சம் திருந்தினார்கள். ஆனால் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. பீப் சத்தம், ஒரு பெருமூச்சு, டக். அவ்வளவுதான்.

வெறுத்துப்போன யோகேந்திரன், திங்கட்கிழமை அந்த அறிவிப்பின் கடைசியில் இதையும் சேர்த்தார். "பேசாம வைக்கிறவங்க கவனத்துக்கு. உங்க நம்பர் இங்க விழுது. வீட்டுக்கே நேர்ல வந்து கேப்பேன்."

இன்று புதன்கிழமை. பேசாமல் வைத்தது மட்டும் பதினொன்று.

"எல்லாம் ஒரே நம்பர் சார்," என்றாள் டைப்பிஸ்ட் சுபத்ரா, ஆட்களின் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து. "நாலாம் லயம் வேலம்மா. கொழுந்து வெட்டுறவங்க."

"சொன்ன பிறகும் பதினொரு தடவையா? வேணும்னே செய்யுது."

"மழை வரும் போலிருக்கு சார்."

"வரட்டும். இன்னிக்கி ரெண்டுல ஒன்னு பாத்துடுறேன்."

மோட்டர் சைக்கிளை முறுக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். வேலம்மா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஆபிஸ் போனு உனக்கு வெளையாட்டாம்மா? பதினொரு தடவ அடிச்சி, பேசாம வச்சிருக்க. எனக்கு வேற வேல இல்லன்னு நெனச்சியா?"

அவர் திட்டி முடித்ததும் அவள் வாசற்படியை விட்டு இறங்கினாள்.

"கொஞ்சம் பின்பக்கம் வாங்க கிராணி."

முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுப்படிக்குப் பின்னால் இருந்த மண்மேடு, லயத்தின் நீளத்துக்கு வெடித்துக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தார். தோள்பட்டை வரை உள்ளே போனது. கால்வாய்த் தண்ணீர் முழுவதும் அந்த வெடிப்புக்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

யோகேந்திரன் அங்கிருந்தே மெனேஜருக்குப் போன் அடித்தார். ஒரு மணி நேரத்தில் லோரி வந்தது. நான்கு வீட்டு ஆட்களும் சாமான்களோடு கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. நாலரைக்கு மேடு சரிந்தது. இரண்டு அடுப்படிகளை மண் மூடிவிட்டது. உள்ளே யாரும் இல்லை.

யோகேந்திரன் மண்டபத்தில் வேலம்மாவைத் தேடிப் போய் எதிரில் உட்கார்ந்தார். எரிச்சல் இன்னும் போகவில்லை.

"இவ்ளோ பெரிய ஆபத்த வச்சிக்கிட்டு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?"

"சொன்னேனே கிராணி. போன வாரம் மூணு தடவ. பேரு, நம்பரு, லயம், விசயம். நீங்க கேட்டபடிதான் சொன்னேன்."

யோகேந்திரனுக்கு நினைவு வந்தது. தெளிவான குரல். இருபது வினாடிகூட இல்லை. 'பாரு, மெசேஜுன்னா இப்படி இருக்கணும்' என்று சுபத்ராவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருந்தார். அதோடு சரி.

குரல் இறங்கிப் போய்க் கேட்டார். "அப்புறம் ஏம்மா இன்னிக்கி பேசாம வச்ச?"

வேலம்மா துணிமூட்டையின் முடிச்சை அவிழ்த்தபடியே சொன்னாள்.

"பேசினப்ப யாரும் வரல கிராணி. பேசாம வச்சா நேர்ல வருவேன்னு நீங்கதான் சொன்னீங்க."