பயந்தாங்கொள்ளி ஈவான்

“எனக்குப் பயமா இருக்கு. நான் ஏற மாட்டேன். யாரையும் ஏற விடவும் மாட்டேன்!”

சொல்லிவிட்டு, குட்டி விமானத்தின் முன்சக்கரத்தைக் கட்டிப்பிடித்தபடி பனியில் உட்கார்ந்துவிட்டார் ஈவான்.

ஓடுதளத்தில் நின்ற மற்ற பயணிகள் வாயைப் பிளந்தார்கள். குஸ்கோக்விம் ஆற்றில் பனிப்பாளங்கள் உடைந்து ஓடும் நாளில்கூடப் படகை இறக்குகிற ஆள் அவர்.

“மச்சான், இத்தனை நாளா நீ கடல்நாயைத் துரத்தினியா, அது உன்னைத் துரத்துச்சா?” என்றான் வசிலி.

எல்லோரும் சிரித்தார்கள், ஈவானின் அக்கா ஓலிங்காவைத் தவிர.

“பெத்தேல் ஆஸ்பத்திரியில உன் மகள் வலியில துடிக்கிறா. தலைப்பிரசவம். காலையிலேர்ந்து எங்களை விரட்டினதே நீதான். இப்போ சக்கரத்தைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, வெக்கமா இல்லை?”

“இருக்கு. ஆனா எந்திரிக்க மாட்டேன்.”

விமானி மாக்சிமும் அவர்கள் ஊர்க்காரன்தான். இறக்கைமேல் கிடந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளி, கயிறு போட்டு இழுத்துத் தேய்த்திருந்தான். இறக்கை கழுவிவைத்த தட்டு மாதிரிப் பளபளத்தது. “எல்லாம் சுத்தம், கிளம்பறேன் சார்” என்று பெத்தேலில் இருக்கும் முதலாளிக்குப் போனில் சொல்லியும் ஆயிற்று. ஈவான் ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

“பைலட்டே சரின்னுட்டான். உனக்கென்ன?”

வசிலி தோளைப் பிடித்து இழுத்தான். இன்னொருவர் காலைப் பிடித்தார். விமானம்தான் லேசாக ஆடியது. ஈவான் பிடியை விடவில்லை.

வெளிச்சம் மங்கியது. மாக்சிம் மறுபடி போனை எடுத்தான்.

“பயணி ஒருத்தர் பயந்துபோய்ச் சக்கரத்தை விட மாட்டேங்கிறார், சார். இன்னைக்கு முடியாது.”

முதலாளி கத்தியது எல்லோருக்கும் கேட்டது. திட்டு முழுக்க ஈவானுக்கு.

“இனிமே உன் பேரே பயந்தாங்கொள்ளிதான் மச்சான். பேரன் பிறந்தா அவன்கிட்டயும் சொல்லுவேன்!” என்றான் வசிலி.

பனிவண்டிகளைக் கிளப்பிக்கொண்டு மற்ற எல்லோரும் போய்விட்டார்கள்.

மாக்சிம் கையுறையைக் கழற்றி இறக்கையைத் தடவினான். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

“கண்ணுக்கே தெரியாத ஐஸ், மாமா. கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு, கயித்துக்கு அசையலை. கிளம்பியிருந்தா மேலே எழும்பின வேகத்துல விழுந்திருப்போம். ஏற்கெனவே ஐஸ்னு சொல்லி நிறுத்தியிருக்கேன். இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னா வேலை இல்லைன்னுட்டார் முதலாளி.”

“தெரியும்டா. ஊரே பேசுது.”

“நீங்களாவது ஐஸ்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு இத்தனை பேச்சு வாங்கினீங்க?”

“ஐஸ்னா உன் வேலை போகும். எனக்குப் பயம்னா அவர் யாரை வேலையை விட்டு அனுப்புவார்?”

மரத்துப்போன கைகளை ஈவான் வாயருகே வைத்து ஊதினார்.

“உங்க மகள்...?”

“பக்கத்துல அவ அம்மா இருக்கா. பிள்ளை பிறந்தப்புறமும் அவளுக்கு அப்பா வேணுமில்லையா?”

மாக்சிம் தன் கையுறையை அவரிடம் நீட்டினான். “போன்ல நான் எல்லாம் சரின்னுதானே சொன்னேன்? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“வாய்தான் சரின்னுச்சு. சொல்லும்போதே மூக்கைச் சுருக்கினியே! நம்ம ஊர்ல அதுக்கு ‘இல்லை’ன்னுதானேடா அர்த்தம்? அவங்கள்லாம் மூட்டை ஏத்திக்கிட்டிருந்தாங்க, பார்க்கலை. உன் முதலாளிக்கு... போன்ல மூக்கு கேட்காது!”