பச்சையில் ஒரு பெயர்

மதிய வெயில், கீழே அத்தாவின் பாத்திரக் கடையிலுள்ள எவர்சில்வர் குடங்களில் பட்டு, மாடியறைச் சுவரில் வந்து நடுங்குகிறது. பலரும் எழுதிவைத்த மென்பொருள் தொகுப்புகளைத் தேடி இறக்கிக்கொள்ளும் இணையப் பக்கத்தை வடிவமைத்துக்கொண்டிருக்கிறாள் சப்ரின். தொகுப்பைக் கவனிக்க ஆள் இருந்தால் எழுதியவர் பெயர் பச்சையில் இருக்கும்; இல்லையென்றால் அதைச் சாம்பல் நிறமாக்க வேண்டும்; அதுதான் வழக்கம். மாற்ற வேண்டியவற்றில் ஒரு பெயர் மட்டும் இன்னும் பச்சையிலேயே இருக்கிறது. உமைர், அவளுடைய அண்ணன். ரம்ஜானுக்கு முன்பு அடக்கம் செய்தார்கள். நிறத்தை மாற்றப் போன விரல் மவுஸின் மேல் அப்படியே நிற்கிறது. “இன்னாடி பாத்துக்கினு இருக்க?” டீயோடு வந்த அம்மா அஸ்ரப் நிஷா கேட்கிறாள். “பட்டன் வேலை செய்யுதான்னு பாக்குறேம்மா.” சொன்னதற்காகவே அண்ணனின் தொகுப்பை இறக்கி, கணினியில் ஏற்றுகிறாள். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை திரையில் மெல்ல நிரம்புகிறது. ஏறி முடிந்ததும், அவன் எப்போதோ எழுதிவைத்த வரி கறுப்புத் திரையில் வருகிறது: ‘வந்துட்டீங்களா? உக்காருங்க.’ அத்தாவின் கடைக்கு வருகிறவர்களிடம் அவன் சொல்லிவந்த அதே வார்த்தைகள். அம்மா எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்கிறாள். டம்ளரில் டீயின் மேல் ஆடை படிகிறது. கீழே யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டு ஓய்கிறது. காலி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொல்கிறாள்: “இன்னொரு வாட்டி அமுக்கு.”