தங்கையின் காதில்

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் விளக்கெல்லாம் அணையும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அக்காவுக்குச் சொந்தம்.

மற்ற நேரமெல்லாம் தங்கை ஊருக்குச் சொந்தம்.

அரங்கில் எள் போட்டால் விழ இடமில்லை. ரெட்டைவால், ரெட்டைவால் என்று கூட்டம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. சின்ன வயதில் இருவரும் வீட்டைத் தலைகீழாக்கும் போதெல்லாம் அம்மா திட்டிய பெயர் அது. அதையே தங்கள் இசைக்குழுவுக்கு வைத்துவிட்டார்கள். குழு என்றால் பெரிய பட்டாளமெல்லாம் இல்லை. அக்கா கீபோர்டு, தங்கை குரல்.

வீட்டில் பதிவு செய்து இணையத்தில் போட்ட ஒரு பாட்டை யாரோ கேட்டு யாருக்கோ அனுப்பினார்கள். முதலில் காபிக் கடைகளில் பாடினார்கள். கேட்டவர்களைவிட அங்கே கைபேசியைப் பார்த்தவர்கள்தான் அதிகம். பிறகு கல்லூரிகள் கூப்பிட்டன. பிறகு இந்த மாதிரி அரங்குகள்.

வளர வளர எல்லாம் இரண்டாகிப்போனது. ஒரு கார் இரண்டு காரானது. ஒரே அறையில் படுத்தவர்களுக்கு வேறு வேறு மாடியில் அறை போட்டார்கள். சுவரொட்டி மட்டும்தான் ஒன்று. அதில் தங்கையின் முகமும், ஓரத்தில் அக்காவின் பாதித் தோளும் இருந்தன.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம். தங்கைக்கு போன் செய்தால் மேனேஜர் எடுப்பார். மேடம் தூங்குகிறார்கள் என்பார். டவுசர் போட்ட காலத்திலிருந்து மூக்குத் துடைத்துவிட்ட தங்கையை ஒருவர் தன்னிடமே மேடம் என்பது அக்காவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

கீபோர்டின் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு சின்ன மைக் உண்டு. அதில் பேசினால் கூட்டத்துக்குக் கேட்காது. தங்கை காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் மட்டும் கேட்கும். சரியாகப் போகிறதா என்று பார்க்க அக்காவின் இயர்போனிலும் கேட்கும். விளக்கு அணைந்ததும் அக்கா அதில் எதையாவது சொல்லிவைப்பாள். முன்வரிசை ஆசாமியின் தொப்பி, பக்கத்தில் கொட்டாவி விடும் அவர் மனைவி, வாய்க்கு வந்தது. தங்கை திரும்ப மாட்டாள். ஆனால் கன்னம் லேசாக உப்பும். சிரிக்கிறாள் என்று பின்னாலிருந்தே தெரிந்துவிடும்.

அந்தக் கன்னத்தை நம்பித்தான் அக்கா காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குத் தொப்பியும் வேண்டாம், கிப்பியும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். தங்கை இனிமேல் தனியாகப் பாடப் போகிறாளாம். ஊர் உலகத்தோடு சேர்ந்து அக்காவும் அதைக் கைபேசியில்தான் படித்தாள். நடுவில் மேனேஜர் இல்லாத இடம் அந்தக் காது ஒன்றுதான். அதில் கேட்டுவிட வேண்டும்.

விளக்கு அணைந்தது. மைக்கிடம் குனிந்தாள்.

“இன்னிக்கு என்கூட வீட்டுக்கு வாடி. உன்கிட்ட பேசணும்.”

தன் குரல் தன் காதில் கேட்கவில்லை.

இடுப்பில் மாட்டியிருந்த பெட்டியைத் தடவிப் பார்த்தாள். இயர்போனைச் செருகும் அந்தப் பெட்டி ஆளுக்கு ஒன்று, இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. அக்காவுக்குப் பச்சை நாடா, தங்கைக்குச் சிவப்பு நாடா என்று ஒலிக்காரர் ஒட்டி வைத்திருப்பார். மேடை ஓரத்து இருட்டில் எல்லா நாடாவும் கறுப்பாகத்தான் தெரியும். அவசரத்தில் இன்று பெட்டி மாறிவிட்டது.

அப்படியானால் தங்கைக்குக் கேட்பதுதான் இப்போது தனக்குக் கேட்க வேண்டும். தான் பேசியது ஏன் கேட்கவில்லை?

அப்போது காதுக்குள் ஒருத்தி பேசினாள்.

“ஏய் கழுதை, பயப்படாத. நான் இருக்கேன்ல? ம், பாடு.”

பின்னாலேயே களுக்கென்று ஒரு சிரிப்பு. துணிகள் உரசும் சத்தம்.

யார் இவள் என்று ஒரு கணம் அக்காவுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. தெரு இரைச்சல் விழாமல் இருக்க இருவரும் துணி அலமாரிக்குள் புகுந்து, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து முதல் பாட்டைப் பதிந்தபோது அவளே தங்கையிடம் சொன்னது. பாட்டை வெளியிடும்போது அக்காதான் அதை வெட்டிப்போட்டாள். தங்கை அதை எடுத்து வைத்திருக்கிறாள். ஒலிக்காரரிடம் கொடுத்து, மேடையில் ஏறியதும் தன் காதில் போடச் சொல்லியிருக்கிறாள். கீபோர்டு பக்கத்து மைக்கைத் தன் காதுக்கு மட்டும் மூடிவிடச் சொல்லியிருக்கிறாள்.

இத்தனை நாளும் கன்னம் உப்பியது தொப்பிக்காக இல்லை. அலமாரிக்குள் இருந்த அந்தப் பெண்ணுக்காக.

தன் மேலேயே ஒருத்திக்கு வயிறு எரியும் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டில் விரல்களை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. தங்கையின் பெட்டி தன்னிடம் இருந்தால், தன் பெட்டி தங்கையிடம் இருக்கிறது. தான் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவள் காதில் விழுந்திருக்கும்.

விளக்கு எரிந்தது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

தங்கை பாடவில்லை. காதில் கை வைத்தபடி மெல்லத் திரும்பினாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தங்கையின் பார்வை அக்காவைத் தாண்டிப் போய், மேடை ஓரத்து இருட்டில் தேடியது, பேசியது யார் என்று.