அடி அடுக்கு

"ஏம்மா, இந்த சர்ட்டிபிகேட்டு அசலா, ஜெராக்ஸா?"

"அசல் சார்."

மோகனசுந்தரம் அதத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. சீல் மேல விரல வெச்சுத் தேச்சாரு. விட்டா மோந்தே பாத்திருப்பாரு. முதலமடையில இருவது வருசமா மாங்கா யாவாரம். பெட்டியக் கவுத்து அடி அடுக்கப் பாக்காம ஒரு லோடு எடுத்ததில்ல. அதுல அவருக்கு அப்படி ஒரு பெருமை.

சமையக்கட்டு வாசப்படியில நின்னு பாத்துட்டிருந்தா அவரு சம்சாரம் கௌசிகா. அவளுக்கு இந்த ஹோம் நர்ஸு எப்படியாச்சும் நின்னாப் போதும். மாமனாரு குப்பண்ணனுக்குப் பக்கவாதம் வந்து மூணு மாசமாச்சு. வலது பக்கம் வௌங்கலை, பேச்சும் போயிருச்சு. தூக்கி உக்கார வெச்சு, தொடச்சு, ஊட்டி, கௌசிகாவுக்கு இடுப்பே கழண்டுரும் போல இருந்துச்சு. போதாததுக்கு இன்னைக்குக் காலையில இருந்து மாமனாரு இடது கைய இறுக்கி மூடிக்கிட்டு, தொடைக்கவே உடலை. துண்ட எடுத்தாலே முறைச்சாரு.

வந்திருந்த நர்ஸு பேரு மாரீஸ்வரி. மறையூர்க்காரி. முப்பத்தஞ்சு வயசிருக்கும். காலடியில துணிப்பை, மடியில ஒரு நீள நோட்டு.

மோகனசுந்தரம் செல்போனத் தட்டி ரிஜிஸ்டர் நம்பரச் சரி பாத்தாரு. ஆதார் போட்டோவையும் அவ மொகத்தையும் மூணு தரம் ஒத்துப் பாத்தாரு. போலீஸ் சர்ட்டிபிகேட்டுல தேதியப் பாத்தாரு.

"பாத்துக்க கௌசி. இப்படித்தான் பாக்கோணும். நீயா இருந்தா மொகத்தப் பாத்தே 'வா சாமி'ன்னு உள்ள உட்டிருப்ப."

"எனக்கென்னங்க தெரியும்."

"ஏம்மா, கடைசியா எலப்புள்ளியில பிச்சைமணின்னு ஒருத்தரு ஊட்டுல எட்டு மாசம். அப்பறம் ஏன் நின்னுட்ட?"

"நிக்கல சார். நிப்பாட்டிட்டாங்க."

அடி அடுக்குல அழுகல் ஆப்புட்ட மாதிரி அவரு மொகம் பளிச்சுன்னு ஆச்சு. அப்பவே அவ காயிதத்துல இருந்த பிச்சைமணி நம்பருக்குப் போனப் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டி உட்டாரு.

"பிச்சைமணிங்களா? உங்கூட்டுல மாரீஸ்வரின்னு ஒரு நர்ஸு..."

"அய்யய்யோ, அவளுங்களா!" போனு அலறுச்சு. "வேல சுத்தமுங்க, பொய் சொல்லப்படாது. ஆனா ஊட்டுக் காரியத்துல மூக்க நொழைப்பாளுங்க. சேத்தாதீங்க!"

பிச்சைமணி படக்குனு போன வெச்சுட்டாரு.

"என்னம்மா காரியம் அது?"

மாரீஸ்வரி குரல ஏத்தவும் இல்ல, எறக்கவும் இல்ல.

"அவங்க அப்பா நெனவு தப்பிக் கெடந்தாரு சார். பத்திரத்துல கைநாட்டு வாங்க மை டப்பாவோட வந்துட்டாங்க. டாக்டர் வந்து பாக்கட்டும், அவருக்கு நெனவு இருக்குன்னு எழுதிக் குடுக்கட்டும், அப்பறம் வாங்கிக்கங்கன்னு சொன்னேன். கேக்கல. அந்தக் கையப் போர்வைக்குள்ள வச்சுச் சுத்தி, மடியில போட்டுப் புடிச்சுக்கிட்டேன். அன்னிக்கே என் பையத் தூக்கி வெளிய வச்சுட்டாங்க."

கௌசிகாவுக்குக் கை தட்டோணும் போல இருந்துச்சு. புருசன் மொகத்தப் பாத்தா.

மோகனசுந்தரம் சர்ட்டிபிகேட்ட அவகிட்டயே நீட்டுனாரு. அப்பறம் தொண்டையக் கனைச்சாரு.

"சே! பெத்த அப்பங்கிட்ட இப்படியும் பண்ணுவானுகளா? எங்கூட்டுல அந்தப் பேச்சுக்கே எடமில்லம்மா. எனக்கும் தம்பிக்கும் அப்பன்னா உசுரு. நேத்துக்கூட கோகுல்நாத் கோயமுத்தூர்ல இருந்து வந்தான். ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டு ஒரு மணி நேரம் அப்பங்கூடப் பேசிட்டிருந்தோம்."

பேச்சு வராத மனுசங்கிட்ட ஒரு மணி நேரம் என்ன பேசுனாங்கன்னு கௌசிகா நேத்தே கேக்கோணும்னு நெனச்சா. கேக்கலை.

"உன்னாட்ட ஆளுதான் வேணும். இன்னைக்கே சேந்துக்க!"

பக்கத்து ரூம்ல கட்டிலு கிறீச்சுன்னுச்சு. கதவு தொறந்துதான் கெடந்துச்சு. குப்பண்ணனுக்குக் காது நல்லாவே கேக்கும்.

"அதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு செக்கிங் இருக்கு சார்." மாரீஸ்வரி நோட்டத் தொறந்தா. "சேர்ற அன்னிக்கே நோயாளிய உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்து எழுதிருவேன். புண்ணு, காயம், வீக்கம், எல்லாம். தேதி, நேரம் போட்டு வீட்டு ஆளு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். பின்னாடி யாரும் என்னையச் சொல்லக்கூடாதுல்ல?"

"சபாஷ்! கத்துக்க கௌசி, கத்துக்க."

மூணு பேரும் குப்பண்ணன் ரூமுக்குள்ள போனாங்க. மாரீஸ்வரி அவரப் பதனமாத் திருப்பிப் பாத்தா.

"மூணு மாசப் படுக்கை. முதுகுல ஒரு புண்ணுகூட இல்ல. யாரு அக்கா பாத்துக்கிட்டது?"

"நாந்தான்."

"அருமையாப் பாத்திருக்கீங்க."

மூணு மாசத்துல இத ஒருத்தர் சொல்றது இதுதான் மொத தரம். கௌசிகாவோட இடுப்புத் தானா நிமுந்துச்சு.

"ஐயா, அந்தக் கையக் கொஞ்சம் காட்டுங்க."

'தர மாட்டாரு'ன்னு சொல்ல வாயெடுத்தா கௌசிகா.

குப்பண்ணன் மாரீஸ்வரியப் பாத்தாரு. மகனப் பாத்தாரு. அப்பறம் மூடின விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சாரு. உள்ள மடக்கி வெச்சிருந்த கட்டை விரல மட்டும் நெட்டுக்குத்தா நிமுத்துனாரு.

மாரீஸ்வரி வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே எழுதினா. "இடது கை. மணிக்கட்டுல இறுக்கிப் புடிச்ச தடம். கட்டை விரல்ல நீல மை. இன்னும் அழியாத கறை."

எழுதி முடிச்சு நோட்டையும் பேனாவையும் மோகனசுந்தரத்துக்கிட்ட நீட்டினா. அவரு பேனாவ வாங்கினாரு. பேனா அசையலை.

"இது... அப்பறமாப் போட்டுக்கலாமே..."

"ஏன் சார், கையெழுத்துப் பழக்கமில்லையா? கைநாட்டா?"

கௌசிகா சேலை முந்தியில கையத் தொடச்சுக்கிட்டு முன்னாடி வந்தா. அவரு கையில இருந்த பேனாவ உருவினா. தேதி, நேரம், இனிஷியலோட முழுப் பேரு, எல்லாம் நிறுத்தி நெதானமாப் போட்டா.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க, அடி அடுக்கப் பாக்காம உடக்கூடாதுன்னு."