மூன்றாவது தட்டு

பெஹாலாவில் ஒரு மாடியறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள் ஒட்டியிருக்கிறார்கள். ஜன்னல் இடுக்கில் நுழையும் சாயங்கால வெயில் டிரம்ஸின் சிம்பலில் பட்டுக் கூரையில் நெளிகிறது. கீழே ஆட்டோக்களின் ஹாரன். மைக்கின் முன்னால் பத்மஜா நிற்கிறாள். போன மழைக்காலத்தில் இறந்துபோன டிரம்மர் அனிர்பனுக்காக அவள் எழுதிய பாட்டை இன்றுதான் முதல்முறையாகக் குழுவாக வாசித்துப் பார்க்கிறார்கள். அவனுடைய டிரம்ஸுக்குப் பின்னால் புதிதாக வந்த சுப்ரியா. அவன் உயரத்துக்கு வைத்திருந்த இருக்கையை அவள் இறக்கவில்லை. எட்டி எட்டித்தான் பெடலை மிதிக்கிறாள். குச்சிகளைத் தூக்கித் தட்டுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விழுவதற்குள் ஷ்யாமின் கிட்டார் அலறிவிடுகிறது, பத்மஜாவின் குரலும் கூடவே. சுப்ரியா மறுபடியும் எண்ணுகிறாள். மறுபடியும் அதே. "ஷ்யாம் அண்ணா, நாலு தட்டினப்புறம்தானே ஆரம்பிக்கணும்? ரெண்டு பேரும் ஏன் முந்துறீங்க?" ஷ்யாம் பத்மஜாவைப் பார்க்கிறான். அதிரும் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்குகிறான். "அனிர்பனுக்கு நாலு வரைக்கும் பொறுமையே கிடையாது," என்கிறாள் பத்மஜா. "மூணுலயே ஆரம்பிச்சுடுவான். எவ்வளவு சண்டை போட்டிருக்கோம் தெரியுமா? கடைசில நாங்களே பழகிட்டோம்." சிரிக்கத் தொடங்கியவள் சட்டென்று மைக்கைக் கையால் மூடிக்கொள்கிறாள். மண் கோப்பைகளில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. "விடு, இனிமே சரியா வரோம்," என்கிறான் ஷ்யாம். சுப்ரியா குச்சிகளைத் தூக்குகிறாள். மூன்று முறை தட்டுகிறாள். நான்காவது விழவேண்டிய இடத்தில் மூவரும் ஒன்றாகப் பாட்டுக்குள் இறங்குகிறார்கள்.